கற்றுக்கொண்டவர்களின் மொழி: மாணவர் பார்வையில் லத்தீனும் ரோமும்



இந்த அறக்கட்டளை மொழிக் கல்விக்கென ஒரு நிதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் ஒரு பொழிவு நடக்க வழிசெய்திருப்பது அரிய செயல். செம்மொழி ஒன்றைக் கற்பது பற்றிப் பேச எனக்கு வாய்ப்பளித்தமைக்கு நன்றி. நான் எடுத்துக்கொண்ட பொருள் லத்தீன். அதன் வழியே தெரியவரும் பண்டைய ரோமானியர் வாழ்வு. இரண்டையும் ஒரு மாணவர் எந்த வாசலில் நுழைந்து அறிய வேண்டும் என்பதே இன்றைய உரையின் மையம்.

லத்தீன் என்றால் தேவாலய வழிபாடும் சட்டத் தொடர்களும் செடிகொடிகளின் அறிவியல் பெயர்களும் நம் நினைவுக்கு வரும். ரோம் என்றால் சீசரும் அகஸ்டசும் நீரோவும் வருவார்கள். அரசர்களும் குருமார்களும் மட்டுமே புழங்கிய மொழி இது, நமக்கு இதில் என்ன வேலை என்று மாணவர் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைப் போக்கவே வந்திருக்கிறேன். லத்தீனில் எழுதி வைத்துச் சென்றவர்களில் மிகப் பலர் அதைத் தாய்மடியில் பெற்றவர்கள் அல்லர். நம்மைப் போலவே பலகையும் எழுத்தாணியும் கொண்டு பாடம் படித்து அடைந்தவர்கள். கற்றுக்கொண்டவர்களால் வளர்ந்த மொழி, இன்று கற்றுக்கொள்ள வருபவருக்கும் உரியது. இதுவே என் கருத்து. இதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாக உங்கள் முன் வைக்கிறேன்.

அயலாரிடம் தொடங்கிய இலக்கியம்

லத்தீன் இலக்கியத்தின் தொடக்கமாக மரபு குறிக்கும் ஆண்டு கி.மு. 240. அந்த ஆண்டில் ரோமில் நாடகம் அரங்கேற்றியவர் லீவியுஸ் அந்திரோனிகுஸ். தென் இத்தாலியில் கிரேக்கர் வாழ்ந்த தாரெந்தும் நகரத்தவர், அடிமையாக ரோமுக்கு வந்து விடுதலை பெற்றவர் என்று மரபு சொல்கிறது. ஹோமரின் ஒடிசியை அவர்தான் லத்தீனில் தந்தார். அந்த மொழிபெயர்ப்பு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பள்ளிப் பாடமாக இருந்தது. கவிஞர் ஹோரஸ் சிறுவயதில் ஓர்பிலியுஸ் என்ற ஆசிரியரிடம் அதைப் படித்தார். அந்த ஆசிரியரின் பிரம்படியையும் அவர் மறக்கவில்லை.

அடுத்து டெரன்ஸ். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் பிறந்தவர், ரோமில் ஒரு செனட்டரின் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் என்று பழைய வரலாறு கூறுகிறது. அவர் எழுதிய ஆறு நாடகங்களும் முழுமையாகக் கிடைத்துள்ளன. தூய லத்தீனுக்கு எடுத்துக்காட்டாகப் பல நூற்றாண்டுகள் பள்ளிகளில் வைக்கப்பட்டவை அவருடைய உரையாடல்கள்தாம். கடல் கடந்து வந்த ஒருவரின் பேச்சைப் படித்துத்தான் ரோமக் குழந்தைகள் தங்கள் மொழியைச் செம்மை செய்துகொண்டார்கள்.

ரோமானியர்களும் கற்பதில் சளைத்தவர்கள் அல்லர். மேல்தட்டுப் பிள்ளைகள் கிரேக்கம் பயின்றார்கள். சிசரோ, வழக்கறிஞராகப் பெயரெடுத்த பிறகும் ஏதென்சுக்கும் ரோட்ஸ் தீவுக்கும் சென்று மீண்டும் மாணவராக அமர்ந்தார். ரோமானியர் பெருமையில் படை வலிமைக்கு உள்ள இடம் நாம் அறிந்ததே. பிறரிடம் பாடம் கேட்கும் மனத்துக்கும் அதில் இடம் உண்டு என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ரோமானியப் பள்ளியறை

பள்ளியில் என்ன நடந்தது? தொடக்க நிலையில் எழுத்தும் எண்ணும். மெழுகு பூசிய மரப்பலகையில் கூரான எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். தவறினால் எழுத்தாணியின் தட்டையான மறுமுனையால் மெழுகைத் தேய்த்துவிட்டு மறுபடி எழுதலாம். அடுத்த நிலையில் இலக்கண ஆசிரியரிடம் கவிதை, அதற்கடுத்து சொற்கலை ஆசிரியரிடம் மேடைப்பேச்சு. இந்தக் கல்வி முழுவதையும் 12 பகுதிகள் கொண்ட நூலாக எழுதியவர் குவிந்திலியன், ஸ்பெயினில் பிறந்தவர், முதல் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர். சின்னஞ்சிறு குழந்தைக்குத் தந்தத்தில் செய்த எழுத்துகளை விளையாடக் கொடுக்கலாம் என்கிறார். பிள்ளைகளை அடிப்பதை அவர் வெளிப்படையாகவே எதிர்க்கிறார். அடிமைக்குரிய தண்டனையை மாணவனுக்குத் தருவது இழிவு என்றும், ஆசிரியர் சரியாகக் கவனித்தால் அடிக்குத் தேவையே வராது என்றும் வாதிடுகிறார்.

பேரரசின் கிழக்குப் பகுதியில் கிரேக்கம் பேசிய பிள்ளைகள் லத்தீனை அயல்மொழியாகப் படித்தார்கள். அவர்களுக்கான இருமொழிப் பாடநூல்கள் இடைக்காலப் படிகளின் வழியே நமக்குக் கிடைத்துள்ளன. இரண்டு குறுகிய பத்திகள், ஒன்றில் லத்தீன், மற்றொன்றில் கிரேக்கம், வரிக்கு ஒன்றிரண்டு சொற்கள். பாடப்பொருளும் ஒரு சிறுவனின் ஒரு நாள்தான். எழுகிறான், காலணி கேட்கிறான், முகம் கழுவுகிறான், பெற்றோரை வணங்கிவிட்டுப் பள்ளிக்குப் போகிறான். நண்பகலில் வீடு திரும்பி ரொட்டியும் ஒலிவக் காயும் பாலாடைக்கட்டியும் உலர்ந்த அத்தியும் கொட்டைப் பருப்புகளும் தின்று, குளிர்ந்த நீர் குடித்து, மறுபடி பள்ளிக்குப் போகிறான். அயல்மொழி கற்கும் எவரும் முதலில் தேடுவது இந்த வாக்கியங்களைத்தான். ரோமானியர் காலத்திலேயே லத்தீன் கற்றவர்களுக்கு இப்படி ஒரு துணைநூல் இருந்தது என்பது இன்றைய மாணவருக்குப் பெரும் தெம்பு.

ஒரு கோட்டையின் குப்பைமேடு

இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் மதிலுக்குச் சற்றுத் தெற்கே விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்தது. 1973-இல் தொல்லியலாளர் ராபின் பர்லி அங்கே அகழ்ந்தபோது, காற்றுப் புகாத ஈர மண்ணுக்குள் மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. அஞ்சலட்டை அளவு, சில மில்லிமீட்டர் தடிமன், அவற்றின் மேல் மையால் எழுதிய லத்தீன். பெரும்பாலானவை கி.பி. 90-க்கும் 120-க்கும் இடைப்பட்டவை. தூக்கி எறியப்பட்ட கடிதங்களும் கணக்குகளுமே இன்று அந்த எல்லைப்புறத்தின் வரலாறு.

ஒரு சீவலில் துங்ரியப் படைப்பிரிவின் ஆள்கணக்கு இருக்கிறது. மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் வேறு இடங்களில் பணியில் இருக்கிறார்கள். கோட்டையில் இருப்பவர்கள் 296. அவர்களில் நோயாளிகள் 15, காயமடைந்தவர்கள் 6, கண் அழற்சி கண்டவர்கள் 10. மீதி 265 பேரே பணிசெய்யத் தக்கவர்கள். வரைபடத்தில் ஒரே நிறம் பூசிக் காட்டப்படும் பேரரசு, ஒரு நாளில் ஒரு கோட்டையில் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது. நூல்கள் பெருமிதத்தோடு பேசும் ரோமப் படையை எழுத்தர் ஒருவரின் பதிவோடு சேர்த்துப் படித்தால்தான் வரலாறு நிறைவு பெறும்.

இன்னொரு சீவல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. கிளாவுதியா செவெரா என்ற பெண், விண்டோலாண்டாவின் படைத்தலைவர் பிளாவியுஸ் கெரியாலிஸின் மனைவி சுல்பிகியா லெபிதினாவுக்கு எழுதிய கடிதம் அது. செப்டம்பர் 11 என் பிறந்தநாள், நீ வந்தால்தான் அந்த நாள் இனிக்கும் என்ற அழைப்பு. கடிதத்தின் உடல் எழுத்தரின் சீரான கையெழுத்து. கீழே வேறொரு கையெழுத்தில், சீர்மை குறைந்த எழுத்துகளில், சகோதரி என்று விளித்துச் சில அன்புச் சொற்கள் உள்ளன. அவை செவெராவே எழுதியவை. லத்தீனில் ஒரு பெண்ணின் கையெழுத்தாக நமக்குக் கிடைத்துள்ளவற்றில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. லெபிதினாவின் கணவர் தலைமை தாங்கிய படையினர் பத்தாவியர், இன்றைய நெதர்லாந்துப் பகுதியினர். ரைன் ஆற்றங்கரையிலிருந்து வந்த குடும்பங்கள் பிரிட்டனில் தங்கள் அன்பையும் அலுவலையும் லத்தீனில் பரிமாறிக்கொண்டன.

அதே கோட்டையில், வேறொரு கடிதத்தின் பின்பக்கத்தில், வெர்ஜிலின் ஈனியட் காப்பியத்திலிருந்து ஒரு வரியை யாரோ எழுதிப் பழகியிருக்கிறார்கள். கெரியாலிஸின் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வெர்ஜில் மறைந்து ஏறக்குறைய 120 ஆண்டுகளுக்குள் அவருடைய வரி பேரரசின் வடகோடியில் கையெழுத்துப் பயிற்சி ஆகிவிட்டது.

பாரத்தேஸ் நாட்டிய கல்

அதே வட இங்கிலாந்தில், டைன் ஆறு கடலில் சேரும் இடத்தில் சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊர். அங்கே 1878-இல் ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. பின்னல் நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஒருபுறம் நகைப்பேழை, மறுபுறம் கம்பளி நூல் உருண்டைகள். பெயர் ரெகினா, தென் பிரிட்டனின் கத்துவெல்லவ்னி குலத்தவள், வயது 30. கல்லை நாட்டியவர் பாரத்தேஸ், சிரியாவின் பால்மைரா நகரத்தவர். அவளை அடிமையாக வைத்திருந்து, விடுதலை தந்து, மணந்துகொண்டவர்.

கல்லில் மேலே லத்தீன் வரிகள் உள்ளன. அவற்றின் கீழே பால்மைராவின் அரமேய எழுத்தில் ஒரே வரி. லத்தீன் வரிகளில் வேற்றுமை உருபுகள் இலக்கணம் கேட்கும் இடத்தில் இல்லை. மனைவிக்கு என்று நான்காம் வேற்றுமை வர வேண்டிய இடத்தில் வேறு ஈறு நிற்கிறது. அரமேய வரியோ தெளிவான கையில் வெட்டப்பட்டு, இறந்தவளுக்காக ஐயோ என்று அரற்றி முடிகிறது. அலுவலும் ஊரும் கேட்ட மொழி லத்தீன், துயரம் கேட்ட மொழி அரமேயம். தொடக்க நிலை மாணவர் ஒருவர் இந்தக் கல்லை எழுத்தெழுத்தாகப் படித்து, இங்கே ஈறு பிழை என்று தானே கண்டுகொள்ள முடியும். அந்தப் பிழைக்குப் பின்னால் பேச்சு வழக்கில் இறுதி மகரம் தேய்ந்து மறைந்துகொண்டிருந்த ஒலி வரலாறும் இருக்கிறது. இலக்கணத்தைப் பாடமாக மட்டும் படித்தால் இந்தக் கல் பிழையான கல். மனிதரை அறியப் படித்தால், அயல்மொழியில் தன் இழப்பைப் பொறிக்க முயன்ற ஒருவரின் ஆவணம்.

தமிழ் மாணவரின் கைப்பொருள்

லத்தீன் இலக்கணம் கடினம் என்ற பேச்சு ஆங்கிலம் வழியே படிப்பவர்களிடமிருந்து வந்தது. ஆங்கிலத்தில் யார் யாரை என்பதைச் சொல்லின் இடம் தீர்மானிக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் சொல்லின் ஈறு தீர்மானிக்கிறது. புயெல்லா மாத்ரெம் அமத் என்றால் சிறுமி தாயை நேசிக்கிறாள். மாத்ரெம் புயெல்லா அமத் என்று மாற்றினாலும் தாயைச் சிறுமி நேசிக்கிறாள் என்ற அதே பொருள்தான். மாத்ரெம் என்பதன் மகர ஈறு நம் ஐ உருபின் வேலையைச் செய்கிறது. ஆறு வேற்றுமைகளின் பட்டியலைக் கண்டு எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்தவர் மிரள வேண்டியதில்லை. வினைமுற்றின் ஈற்றிலேயே தன்மை, முன்னிலை, படர்க்கை தெரிவதால் எழுவாயைச் சொல்லாமல் விடுவதும், வினையைக் கடைசியில் வைப்பதும் நமக்குப் பழக்கமே.

இன்னும் நுட்பமான ஓர் ஒற்றுமை உண்டு. மழை பெய்ய நெல் விளைந்தது என்கிறோம். பெய்தது மழை, விளைந்தது நெல். இரு வேறு எழுவாய்களை ஓர் எச்சம் இணைத்துவிடுகிறது. லத்தீனில் இதற்கு நிகரான அமைப்பைப் பெயரையும் பெயரெச்சத் தன்மையுள்ள சொல்லையும் ஒரே வேற்றுமையில் நிறுத்தி ஆக்குகிறார்கள். சோலெ ஓரியெந்தெ என்றால் கதிரவன் எழ. சீசரின் போர்க்குறிப்புகள் இந்த அமைப்பால் நிறைந்தவை. நகரம் கைப்பற்றப்பட, தூதர் அனுப்பப்பட என்று தமிழில் ஓட்டமாகப் படிக்கலாம். ஆங்கிலத்தில் இதற்குப் பெரும்பாலும் தனி வாக்கியமோ இணைப்புச் சொல்லோ தேட வேண்டியிருக்கும்.

உழைப்புக் கேட்கும் இடங்களும் உண்டு. உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால், இரண்டும் சாராத பால் உண்டு. பெயருக்கு ஏற்பப் பெயரடையும் ஈறு மாறும். பெயர்ச்சொல்லில் ஐந்து வகை, வினையில் நான்கு வகை. இவற்றை மனப்பாடம் செய்தே தீர வேண்டும், வாய்விட்டுப் படிக்க வேண்டும். நம் பெரியவர்கள் வாய்பாடும் நிகண்டும் படித்த முறைதான் இது. ஆனால் பட்டியல் முடியட்டும் என்று காத்திருக்காமல் முதல் மாதத்திலிருந்தே கல்லறைக் கற்களையும் சுவர்க் கிறுக்கல்களையும் சேர்த்துப் படியுங்கள். அவை குறுகியவை, வாய்பாடான தொடர்களால் ஆனவை. 1853-இல் தியோடர் மொம்சென் தலைமையில் பெர்லினில் தொடங்கிய கல்வெட்டுத் தொகுப்பில் இப்போது 1,80,000-க்கும் மேற்பட்ட லத்தீன் கல்வெட்டுகள் உள்ளன. பொம்பெயியின் வங்கித் தொழிலர் கெகிலியுஸ் யூகுந்துஸின் வீட்டில் 1875-இல் கிடைத்த 150-க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் ஏலக் கணக்கும் ரசீதும்தான். 1970-இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் லத்தீன் பாடநூல் அந்த மனிதரையே முதல் பாடத்தின் நாயகராக்கியது.

காதலிக்கவும் கண்டிக்கவும்

ஒரு பண்பாட்டைக் கற்பவர் அதை வழிபடுபவராகிவிடக் கூடாது. ரோம் நகரின் டயோக்ளீஷியன் குளியல் மாளிகை அருங்காட்சியகத்தில் ஓர் இரும்புக் கழுத்து வளையம் இருக்கிறது. அதில் தொங்கும் வெண்கலத் தகட்டில் லத்தீன் எழுத்துகள். நான் ஓடிவிட்டேன், என்னைப் பிடியுங்கள், என் எசமானர் சோனினுஸிடம் ஒப்படைத்தால் ஒரு பொற்காசு பெறுவீர்கள் என்பது அதன் செய்தி. கழுத்தில் இருந்தவரின் பெயர் அதில் இல்லை. எசமானரின் பெயர் மட்டும் உண்டு. அவருடைய வாயில் இந்தச் சொற்களைப் போட்டுப் பேச வைத்திருக்கிறார்கள். சிசரோவின் உரைநடையில் உள்ள சமநிலையைப் போற்றுகிற அதே மாணவர், இந்தத் தகட்டையும் படிக்க வேண்டும். பாடநூல் சிறுவன் காலையில் காலணி கேட்டானே, அதைக் கொண்டுவந்து தருபவர் அடிமை. சிசரோவின் கடிதங்களையும் உரைகளையும் எழுதிப் பேணிய தீரோவும் அவருக்கு அடிமையாக இருந்து கி.மு. 53-இல் விடுதலை பெற்றவரே. மொழி தெரிந்தால்தான் இந்தக் கொடுமைக்கு நேரடிச் சாட்சியாக முடியும்.

லத்தீன் நூல்களில் எஞ்சியவை எவ்வளவு குறைவு என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். வரலாற்றாசிரியர் லிவி எழுதிய 142 பகுதிகளில் இன்று இருப்பவை 35. சிசரோ தன் நண்பர் அத்திக்குஸுக்கு எழுதிய கடிதங்களை இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் 1345-இல் வெரோனாவில் கண்டார். குவிந்திலியனின் நூல் முழுவடிவில் 1416-இல் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடத்தில் இத்தாலிய அறிஞர் பொக்கியோவின் கண்ணில் பட்டது. ஏடு தேடி அலைந்த உ.வே. சாமிநாதையரை அறிந்த நமக்கு இந்தத் தேடலின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

எரிமலையும் நம் கடற்கரையும்

கி.பி. 79-இல் வெசூவியுஸ் வெடித்தபோது, வளைகுடாவின் மறுகரையில் மிசேனும் ஊரில் 17 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் இளைய பிளினி என்று அறியப்பட்டவர். கப்பற்படைத் தலைவரான அவருடைய மாமா, அருகில் சென்று பார்க்க வருகிறாயா என்று கேட்டார். படிக்க வேண்டியிருக்கிறது என்று மருமகன் இருந்துகொண்டார். அன்றிரவு நிலம் அதிர்ந்துகொண்டிருந்தபோதும் லிவியின் நூலை எடுத்துக் குறிப்பெடுத்தார். பின்னாளில் வரலாற்றாசிரியர் தாசித்துஸுக்கு அவர் எழுதிய இரண்டு கடிதங்களால்தான் அந்தப் பேரழிவின் போக்கை நாம் அறிகிறோம்.

மக்களைக் காக்கக் கப்பலில் சென்று ஸ்தாபியேயில் உயிர்விட்ட அந்த மாமாதான் மூத்த பிளினி. 37 பகுதிகள் கொண்ட இயற்கை வரலாற்றை எழுதியவர். இந்திய வணிகத்தால் ஆண்டுக்கு 5 கோடி செஸ்தெர்ஸ் காசுகளுக்குக் குறையாமல் பணம் வெளியேறுகிறது என்று வருந்தியவர். முசிறியையும் பாண்டியனையும் மதுரையையும் பெயர்சொல்லிக் குறித்தவர். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், லத்தீன் எழுத்தில் குயவர் முத்திரை பதித்த சிவப்புக் கலவோடுகள் கிடைத்தன.

பின்னர் லத்தீன் இங்கே வேறொரு வழியில் வந்தது. இத்தாலியில் 1680-இல் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் லத்தீனில் இலக்கணம் எழுதினார். பேச்சுத் தமிழ் இலக்கணம் தரங்கம்பாடியில் 1738-இல் அச்சானது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் லத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய அறிஞர்களுக்குத் தமிழை விளக்க அவர் தேர்ந்த கருவி, அவரும் பள்ளியில் கற்றுக்கொண்ட மொழிதான். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் எப்படிப் பேசப்பட்டது என்பதற்கான சாட்சியம் அந்த லத்தீன் பக்கங்களில் இருக்கிறது. தமிழ் முறையாகப் பயின்ற ஒருவர் அதை மூலத்தில் படிப்பதற்கும், ஆங்கிலப் பெயர்ப்பில் படிப்பதற்கும் வேறுபாடு பெரிது.

மாணவர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும்

எனவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, லத்தீனைத் தமிழ் வழியாகவே கற்பிக்கும் ஒரு பாடநூல் நமக்கு வேண்டும். நம் வேற்றுமைகளையும் எச்சங்களையும் அடிப்படையாக வைத்து அது எழுதப்பட வேண்டும். கல்லறைக் கல்லும் விண்டோலாண்டாக் கடிதமும் அதன் முதல் வாசகங்களாக இருக்கட்டும். சீசரும் சிசரோவும் வெர்ஜிலும் பிறகு வரட்டும். இரண்டாவது, தமிழ்த் துறைகளில் ஆய்வு செய்பவர்களில் ஆண்டுக்குச் சிலரேனும் லத்தீன் கற்க உதவித்தொகை வேண்டும். இந்த அறக்கட்டளையே அதற்கு முன்கை எடுத்தால் பெரும் பயன் விளையும். அகராதிகளும் மூல நூல்களும் விண்டோலாண்டாச் சீவல்களின் படங்களும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கருவிகள் தயார். கற்பவர்களும் கற்பிப்பவர்களுமே தேவை.

மாணவ நண்பர்களே, இந்த மொழியை உங்களுக்கு முன் கற்றவர்கள் தாரெந்தும் அடிமையும் கார்த்தேஜ் நாடக ஆசிரியரும் பத்தாவியப் படைவீரரும் பால்மைராவின் பாரத்தேஸும் வீரமாமுனிவரும். அவர்களில் எவரும் ரோமில் பிறந்தவர் அல்லர். ஆனாலும் அவர்கள் எழுதியதைச் சேர்க்காமல் லத்தீனின் வரலாற்றை எழுத முடியாது. அந்த வரிசையில் அடுத்த இடத்தைக் கேட்டுப் பெறும் தகுதி உங்களுக்கு உண்டு. கேளுங்கள், உழைத்துப் பெறுங்கள்.